நாற்பத்தொண்ணுன்னு எழுதினது நான்தான்

மதுரைக்குத்தானே போறீங்க? நல்லதாப்போச்சு, ரெண்டு மணி நேரம் இருக்கு. அக்கா, உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நகை திருடு போனா போலீஸ் ஸ்டேஷன் போறோம். சைக்கிள் திருடு போனாலும் போறோம். ஒருத்தர் நம்ம தப்பைத் திருடிட்டா எங்க போறது?

உங்களுக்குக் காது சரியாத்தான் கேட்டுச்சு. தப்பைத்தான் திருடிட்டார். நான் பண்ணின தப்பு, என் கையால டைப் பண்ணின தப்பு, அதைத் தூக்கித் தன் பேர்ல எழுதிக்கிட்டார். அதுவும் ஆபீஸ் லெட்டர்பேடுல. அதைத் திருப்பி வாங்கத்தான் போயிட்டிருக்கேன். இந்தா, பைக்குள்ள லெட்டர். மேலாளர் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சு மூணு பக்கம்.

என் பேர் பேச்சியம்மாள். எம்.சி.ஏ. படிச்சிருக்கேன். வயசு முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகல. கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், எல்லாரும் விருதுநகர் வர்றதுக்குள்ள கேட்டுடறாங்க.

ஊர் ஊராப் போய்க் கண் பரிசோதிச்சு இலவசமாக் கண்ணாடி கொடுக்கிற அறக்கட்டளை ஒண்ணுல வேலை. டாக்டர்லாம் இல்ல, நான் கம்ப்யூட்டர். சாத்தூர்ல சின்ன ஆபீஸ், நானும் ஒரு ஃபேனும். தலைமை ஆபீஸ் மதுரையில. அங்கதான் சர்வர் இருக்கு, அங்கதான் அந்த மனுஷனும் இருக்கார். ஜெபசிங். நாசரேத்துக்காரர். டேட்டாபேஸை அவர்தான் பாத்துக்கிறார். பாத்துக்கிறார்னா, என்னமோ கைக்குழந்தையைப் பாத்துக்கிற மாதிரி. நான் இங்கேருந்து ஒரு வரி அனுப்பினா உடனே போன் வரும். "பேச்சி மேடம், அந்த வரியை ஒரு தடவை பாத்துக்கலாமா?" அஞ்சு வருஷமா இதே. பாத்துக்கலாமா, பாத்துக்கலாமா. அது முடிஞ்சதும் "சாப்பிட்டீங்களா?" நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடலன்னா என்ன? சர்வர் பசியா கிடக்கு?

சரி, கதைக்கு வர்றேன். எங்க முகாம் எப்படின்னா, ஒரு ஊர்ல முந்நூறு டோக்கன். முதல் தடவை போய்க் கண் பாப்பாங்க, பவர் எழுதிக்குவாங்க. மதுரையில லென்ஸ் தேய்ச்சு, முந்நூறு பெட்டியில போட்டு, பெட்டிக்கு நம்பர் போட்டு அனுப்புவாங்க. டோக்கன் நம்பர் வேற, பெட்டி நம்பர் வேற. எந்த டோக்கனுக்கு எந்தப் பெட்டின்னு பட்டியல் எடுக்கிறதுதான் என் வேலை. மூணு வாரம் கழிச்சு அதே ஊருக்குப் போய்ப் பட்டியல் பாத்துக் கொடுப்போம்.

ஒவ்வொரு முகாமுக்கும் இதே வேலைதானே, அதனால ஒரு ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கு வரிசையாச் சொல்ற கட்டளை, எழுதி வெச்சேன். மேல ஒரே ஒரு இடத்துல முகாம் நம்பர் போட்டாப் போதும். முகாம்னு ஒரு பேர், அதுக்கு மதிப்பு நாற்பத்தொண்ணு. கீழ எங்கெல்லாம் நம்பர் வேணுமோ அங்கெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு புள்ளி வெச்சு முகாம்னு எழுதிட்டா அதுவே நம்பரைப் போட்டுக்கும். அழகு! என் அப்பாகிட்டக்கூடக் காட்டினேன். நல்லாருக்கும்மான்னுட்டு டி.வி. பாக்கப் போயிட்டார்.

அப்புறம் பெட்டியும் டோக்கனும் சேர்க்கிற வேலை கொஞ்சம் சிக்கலா ஆனதும், அதை மட்டும் ஒரு தனி பிளாக்கா எழுதினேன். ரெண்டு டாலர் குறி, நடுவுல என் வேலை, மறுபடி ரெண்டு டாலர் குறி. அதுக்குள்ளயும் ரெண்டு புள்ளி வெச்சு முகாம்னு எழுதினேன். ஓட்டினேன். ரெண்டு புள்ளி கிட்ட இலக்கணப் பிழைங்குது! மேல இருக்கிற வரியில அதே ரெண்டு புள்ளி ஓடுது, உள்ள ஓடல. காப்பி குடிச்சுட்டு வந்து ஓட்டினேன், ஓடல. சாமி படத்தைப் பாத்துட்டு ஓட்டினேன், ஓடல.

போன் பண்ணினேன். என்ன சொன்னார் தெரியுமா?

"மேடம், உங்க வீட்டுல யாரையாவது செல்லப் பேர் வெச்சுக் கூப்பிடுவீங்களா?"

"என் தம்பி பையனைச் சின்னவன்னுவோம். பள்ளிக்கூடத்துல கதிரேசன். அதுக்கென்ன இப்ப?"

"நீங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு கொடுத்து விடுறீங்க. 'சின்னவனுக்கு இன்னிக்கு லீவு வேணும்.' கொண்டுபோற ஆள் உங்க வீட்டு ஆள். வழியில பாத்துட்டு, சின்னவனை அடிச்சுக் கதிரேசன்னு எழுதி டீச்சர்கிட்டக் கொடுத்துடுறார். டீச்சருக்குப் புரியுது. அதே சீட்டை நீங்க கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்தா?"

"ஒட்டின கவரை அவர் எதுக்குப் பிரிக்கிறார்?"

"அதான். பிரிக்காம அப்படியே கொடுத்துடுவார். டீச்சர் பிரிச்சாச் சின்னவன்னு இருக்கு. யாரு அதுன்னு முழிக்கிறாங்க. அந்த டாலர் டாலர்தான் ஒட்டின கவர். முகாம்ங்கிற பேர் உங்க லேப்டாப்புக்குத்தான் தெரியும். கவருக்குள்ள இருக்கிறதைப் படிக்கிறது என் சர்வர்."

என் சர்வராம்!

நல்ல விளக்கம்தான், இல்லங்கல. நான் தம்பி பையன் பேரைச் சொன்னதாலதானே அந்த விளக்கமே வந்துச்சு. அதுக்கு மருந்தும் சொன்னார். "கவருக்கு வெளியில, முதல்லயே சர்வர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க, இன்னிக்கு முகாம் இதுன்னு. வெளியில சொல்றதால உங்க ஆள் பேரை மாத்திச் சரியான நம்பராவே கொடுப்பார். கவருக்குள்ள, 'நான் சொல்லி வெச்சது என்ன'ன்னு சர்வரையே கேக்கச் சொல்லுங்க. ரெண்டே வரி. நான் எழுதித் தரட்டுமா?"

எழுதித் தரட்டுமாவாம். எம்.சி.ஏ. படிச்சவகிட்ட! "வேணாம் சார், நானே பாத்துக்கறேன்"னுட்டு போனை வெச்சேன். வெச்சுட்டு என்ன பண்ணினேன்? கவருக்குள்ள ரெண்டு புள்ளியையும் முகாமையும் அழிச்சுட்டு, நாற்பத்தொண்ணுன்னு கையால எழுதினேன். ஓடிச்சு. ஒரே நொடி. அவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு, அடுத்த நிமிஷம் போன். "மேடம், உள்ள கையால எழுதிட்டீங்கபோல. அடுத்த முகாமுக்கு மறந்துடும்."

"நானா மறப்பேன்? எனக்கு நாலாங்கிளாஸ் டீச்சர் புடவைக் கலரே ஞாபகம் இருக்கு."

"என்ன கலர்?"

"மயில் கழுத்து."

"சரி"ன்னார். அந்த சரியை நீங்க கேக்கணும்க்கா. நம்பாத சரி. நாற்பத்தொண்ணாவது முகாம் ஜம்முன்னு நடந்துச்சு, அதையும் சொல்லிடுறேன்.

இது விருதுநகரா? பாத்தீங்களா, பேச்சுல தெரியவே இல்ல.

நாற்பத்திரண்டாவது முகாம் நடுக்கரைப்பட்டியில. கல்யாண மண்டபம். ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணி. மேடையில முந்தின நாள் கல்யாணத்து ராஜா நாற்காலி ரெண்டும் அப்படியே கிடக்கு, சிவப்பு வெல்வெட்டு. சுத்துப்பட்டு ஆறு ஊர்லேருந்து முந்நூறு பேர். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க, டிரைவருங்க, தையக்காரங்க. பட்டியலைச் சுவத்துல ஒட்டினோம். தலைப்புல முகாம் நாற்பத்திரண்டு. பேரெல்லாம் நாற்பத்திரண்டாவது முகாம் ஆளுங்க பேர்தான். அதெல்லாம் கவருக்கு வெளியில இருக்கிற வரிங்க, மேல மாத்தினதும் மாறிடுச்சு. பெட்டி நம்பர் மட்டும்... நான் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டீங்க பாருங்க! நீங்க கம்ப்யூட்டர் படிச்சிருக்கலாம்க்கா.

இங்கயும் முந்நூறு டோக்கன், போன முகாம் மாதிரியே ஒண்ணுலேருந்து முந்நூறு வரைக்கும் பெட்டி நம்பர். எல்லாருக்கும் ஒரு பெட்டி கிடைச்சுடுச்சு. ஒரு எர்ரர் வரல. அரைமணி நேரத்துல கொடுத்து முடிச்சுட்டோம், நான் என்னையே மெச்சிக்கிட்டு நிக்கிறேன். முதல்ல ஒரு தையக்காரர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார், ஓடையில இறங்கற மாதிரி. "யம்மா, தரை மேல ஏறி வருது." பின்னாடியே ஒரு மினிபஸ் டிரைவர், இப்படி அகல மீசை. அவருக்கு வந்திருக்கிறது ரோஸ் கலர் பிரேம், ஓரத்துல பூ. "பூ இருக்கட்டும் மேடம். எனக்கு எம் பஸ்ஸே தெரியல."

அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு, பெட்டியெல்லாம் ஆள் மாறிப் போயிருக்குன்னு.

சிரிக்காதீங்க, சிரிக்கிற நேரமா அது? ஒரு தடவை கண்ணாடி போட்டுத் தலை சுத்திச்சுன்னா அவ்வளவுதான், அந்தக் கண்ணாடி பரண்ல ஏறிடும், அப்புறம் ஆயுசுக்கும் இறங்காது. அந்த மீசைக்காரர் தினம் இருபது பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறவர். நான் மைக்கைப் பிடிச்சேன். "எல்லாரும் கண்ணாடியைக் கழட்டிப் பெட்டியில வைங்க, யாரும் போட்டுக்காதீங்க." முந்நூறு பேரும் அதைக் கேட்டுட்டு, போடாம இருந்தவங்களும் எடுத்துப் போட்டுக்கிட்டாங்க!

ஜெபசிங்குக்குப் போன் பண்ணினேன். ஞாயித்துக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவர் கோயில்ல, அதான் சர்ச்சுல, இருப்பார், எனக்குத் தெரியும். இரண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். எப்படித் தெரியும்னா, அவர் ஒரு நாள் சொன்னார், ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். முதல் மணி அடிச்சதுமே எடுத்தார். பின்னாடி பாட்டுச் சத்தம்.

"சார், நடுக்கரைப்பட்டியில எல்லாக் கண்ணாடியும் மாறிப்போச்சு."

அவர் திட்டல. கேட்டது ஒண்ணே ஒண்ணு. "கவருக்குள்ள என்ன நம்பர் இருக்கு?"

லேப்டாப்பைத் திறந்து பாத்தேன். மேல நாற்பத்திரண்டு. உள்ள நாற்பத்தொண்ணு. நான் எழுதின நாற்பத்தொண்ணு, அப்படியே உக்காந்து என்னைப் பாக்குது. வாயே வரல. எனக்கு! நீங்க நம்ப மாட்டீங்க, ஒரு முழு நிமிஷம் நான் பேசல.

"மேடம், இருக்கீங்களா? ஒண்ணும் ஆகல. முந்நூறு கண்ணாடியும் அந்த மண்டபத்துலதான் இருக்கு. எதுவும் தொலையல. டைப் பண்ணுங்க, சொல்றேன்."

கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னார். வெளியில ஒரு வரி, சர்வர்கிட்ட முகாம் நாற்பத்திரண்டுன்னு சொல்லி வைக்க. உள்ள ஒரு வரி, சொல்லி வெச்சதைக் கேட்டு வாங்க. "அது எழுத்தாத்தான் திரும்பி வரும் மேடம், எண்ணா மாத்திக்கோங்க." மாத்தினேன். அந்த வரியில அறக்கட்டளை பேரையும் சேர்த்து எழுதணும், அதுல நாலு தடவை தப்பு விட்டேன். அவர் "பரவால்ல, இன்னொரு தடவை" "பரவால்ல, இன்னொரு தடவை"ன்னு. ஓடிச்சுக்கா! ரெண்டு புள்ளியும் சரி, கவரும் சரி, புதுப் பட்டியல் வந்துடுச்சு. நான் போட்ட சத்தத்துல மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்துச்சு.

பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கிட்டுத் திரும்பினா, அங்க வேற உலகமே நடந்துட்டிருக்கு.

செங்கமலம்னு ஒரு அம்மா. தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர், நூறு பேரை மேய்க்கிற குரல். நான் போன்ல இருந்த நேரத்துல அது மேடையேறி, கல்யாணப் பொண்ணு நாற்காலியில உக்காந்து, மைக்கை எடுத்துக்கிடுச்சு. "ஏ, இங்க பாருங்க! கிட்டத்துல இருக்கிறது தெளிவாத் தெரியுறவங்க கிழக்கால போங்க. தூரத்துல இருக்கிறது தெரியுறவங்க மேற்கால. ஒண்ணுமே தெரியாதவங்க நடுவுல நில்லுங்க, யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க." சுவத்துல ஒரு காலண்டர். அதுல ராகு காலத்தை வாசிச்சவங்க ஜெயிச்சவங்க! வாசிக்க முடியலன்னாக் கழட்டிப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கணும். முந்நூறு பேரும் கண்ணாடியைக் கழட்டுறாங்க, மாட்டுறாங்க, சிரிக்கிறாங்க. ஒரு பெரியவர் தன் சம்சாரத்தை உத்துப் பாத்துட்டு, "நீ இவ்வளவு செவப்பா?"ங்கிறார். அந்தம்மா, "கழட்டாதீங்க, அதையே வெச்சுக்கோங்க"ங்குது. திருவிழாவுல பஞ்சுமிட்டாய்க்கு நிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம். மீசைக்காரர் ஓடி வர்றார், கறுப்பு பிரேம், "மேடம், எம் பஸ்ஸு தெரியுது! நம்பர் தெரியுது! பின்னாடி எவனோ கோடு கிழிச்சிருக்கான், அதுவும் தெரியுது!"

பட்டியலோட ஒத்துப் பாத்தோம். நான் பேரை வாசிக்க, செங்கமலம் பெட்டி நம்பரைச் சொல்ல. முந்நூறுல இருநூத்தி முப்பத்தெட்டு பேர் சொந்தக் கண்ணாடியோ அதே பவரோ பிடிச்சுட்டாங்க. மீதி அறுபத்திரண்டு பேருக்குப் பட்டியல் பாத்து மாத்திக் கொடுத்தோம்.

அத்தோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. பன்னெண்டு மணிக்கு வாசல்ல பைக் சத்தம். யாருன்னு நினைக்கிறீங்க? கோயில் சட்டையோட, வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் புழுதி. பின்னாடி ஒரு கண்ணாடிக்கடைக்காரர், பவர் அளக்கிற மெஷினைக் குழந்தை மாதிரிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. மதுரையிலேருந்து! அந்த வெயில்ல! நான்தான் சரி பண்ணிட்டேனே, அப்புறம் எதுக்கு வரணும்? என் மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்? நேராவே கேட்டேன். "என்ன சார், சரிபாக்க வந்தீங்களா?"

"இல்ல மேடம். போன்ல ஒரு நிமிஷம் நீங்க பேசாம இருந்தீங்க. அதான்."

அது என்ன பதில்? நீங்களே சொல்லுங்க.

வேற இடமில்ல, அந்த ராஜா நாற்காலி ரெண்டுலயும்தான் உக்காந்தோம். கண்ணாடிக்கடைக்காரர் ஓரமா மெஷின்ல அளந்து பவர் சொல்ல, ஜெபசிங் பாத்துச் சொல்ல, நான் பட்டியல்ல டிக் அடிக்க. முந்நூறு பேரும் வரிசையா மேடையேறி வந்து, கண்ணாடியைக் காட்டிட்டுப் போறாங்க. செங்கமலம் கீழேருந்து, "மாலை ஒண்ணுதான் குறைச்சல்!"னு கத்துது. மண்டபமே கை தட்டுது. மண்டபத்துக்காரரைத்தான் கேலி பண்ணுது போல, மேடையில முந்தின நாள் அலங்காரம் பாதி வாடிக் கிடந்துச்சு. ஜெபசிங்குக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு. வெயில்ல வந்தவர்தானே.

மறுநாள் நான் ரிப்போர்ட் எழுத உக்காந்தா, அவர் முந்திக்கிட்டார். மதுரையிலேருந்து நகல் வருது. "முகாம் நாற்பத்திரண்டு. இரண்டு மணி நேரத் தாமதம். காரணம், ஸ்கிரிப்டில் பழைய முகாம் எண். பொறுப்பு, ஜெபசிங்." எப்படியிருக்கு? எழுதினது நான்! அதோட விடல. ஸ்கிரிப்டை எல்லா ஆபீஸுக்கும் அனுப்பிட்டார், அந்த ரெண்டு வரிக்கு மேல குறிப்பு எழுதி. "சர்வரிடம் முதலில் சொல்லி வைத்து, உள்ளே கேட்டு வாங்கும் முறை. இது பேச்சியம்மாள் முறை." அது அவர் சொன்ன முறை! என் தப்பை அவர் எடுத்துக்கிட்டார், அவர் புத்தியை என் பேர்ல போட்டுட்டார். திருநெல்வேலி ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, "மேடம், உங்க முறை ரொம்ப நல்லாருக்கு"ங்குது. ரெண்டு நாளா சோறு இறங்கல. படுத்தா நினைப்பு, எழுந்தா நினைப்பு, இந்த மனுஷனை என்ன பண்றதுன்னு. பல் விளக்கும்போதுகூட அவரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். எங்கம்மா, "ஏண்டி கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கிறே"ங்குது. சிரிக்கலம்மா, கோபம்மான்னேன்.

அதான் லெட்டர். "நாற்பத்தொன்று என எழுதியது நான்தான்"னு முதல் வரி. நேத்து அவருக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன், நான் நாளைக்கு வர்றேன், மேலாளரைப் பாக்கப் போறேன், நீங்க செஞ்சது அநியாயம்னு. எந்த பஸ்னு கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு கேட்டார். அதையும் சொன்னேன், சண்டைன்னா எல்லாம் தெளிவா இருக்கணும்ல.

திருமங்கலம் தாண்டிடுச்சா? இருங்க, போன் அடிக்குது. அவர்தான்... ஹலோ. ஆமா சார். தாண்டிடுச்சு. ம். சாப்பிட்டேன். ம்... என்னது? ஸ்டாண்டுல நிக்கிறீங்களா? எப்பலேருந்து?... இல்ல சார், கேக்குது, நல்லாக் கேக்குது. பஸ் சத்தம்தான். சரி. சரி. வெச்சிடறேன்.

அக்கா, என்ன சொல்றார்னு கேளுங்க. ஸ்டாண்டுல வந்து நிக்கிறாராம், ஒன்பது மணியிலேருந்து. மேலாளர்கிட்டத் தனியாப் போக வேணாமாம். "ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே எழுதிடுவோம் பேச்சி"ங்கிறார்.

பேச்சின்னார்க்கா. மேடம்னு சொல்லல.

நம்பர் தப்பாப் போட்டதுக்கு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதினா மேலாளர் ஒத்துக்குவாரா? அதைப் பத்தித்தானே சொல்றார்? தப்பைப் பத்தித்தானே? நீங்க ஏன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறீங்க? அக்கா! இல்ல, நிஜமாக் கேக்கறேன். அவர் வெயில்ல வந்தது, பைக்ல... அந்த மாலை... செங்கமலம் மண்டபத்துக்காரரைச் சொல்லலையா?

அய்யய்யோ.

அதுக்குள்ள ஸ்டாண்டு வந்துடுச்சா? அக்கா, நீங்க இறங்கிடாதீங்க. கொஞ்ச நேரம் பக்கத்துலயே இருங்க. அந்தா, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, நம்ம ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறார்.